குதிகால் வலியோடு 50 கிலோமீட்டர் டிரெயில் பந்தயம் ஓடலாமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. வயது 41. சென்னையில் சாலையில் ஓடிப் பழகியவர், மாரத்தான் முடித்தவர். எட்டு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகள் சுருக்கென்று குத்தும், நடக்க நடக்கக் குறையும். டாக்டர் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் (உள்ளங்கால் நார்ப்பட்டை அழற்சி) என்று சொல்லி ஓய்வெடுக்கச் சொன்னார். ஆறு வாரம் ஓடாமல் இருந்தீர்கள், வலி அடங்கியது. மறுபடி ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்துவிட்டது. இன்னும் நான்கு மாதத்தில் சிக்மகளூர் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் நடக்கும் 50 கிலோமீட்டர் டிரெயில் (மலை, மண்பாதை) பந்தயத்துக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள். ஓடலாமா, முன்னதாக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா, அன்றைக்கு வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

ஓட்டக்காரர்களின் கால்களைப் பார்ப்பதே என் தொழில். ஃபிசியோதெரபிஸ்ட் நான், மலைப்பாதையில் ஓடவும் செய்கிறேன். என் பதில்: பெரும்பாலும் ஓடலாம். ஆனால் அதை இன்றைக்கே முடிவு செய்ய முடியாது. இந்த நான்கு மாதத்தில் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கும் மறுநாள் காலையில் உங்கள் குதிகால் எப்படி இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். ஊசி வேண்டாம். மாத்திரை வேண்டவே வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், இது உண்மையிலேயே அந்த வலிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குதிகாலின் அடியில் உள்பக்கமாக ஒரு புள்ளியை அழுத்தினால் வலிக்கிறது, காலை முதல் அடி மோசம், கொஞ்சம் நடந்ததும் தேவலை, நாள் முழுக்க நின்றால் மாலையில் மறுபடி வலி. இதுதான் வழக்கமான வடிவம். இதற்கு மாறாக, குதிகால் எலும்பை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கைகளால் இறுக்கிப் பிழிந்தால் வலி உயிர் போகிறது, படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, நடக்க நடக்கக் குறையாமல் கூடிக்கொண்டே போகிறது என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். அப்படியானால் ஓட்டப் பேச்சே இல்லை, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த பிறகுதான் மற்றது. எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் நரம்பு சம்பந்தப்பட்டிருக்கும். இரண்டு குதிகாலும் சேர்ந்து வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொண்டால் வாதநோய் மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதற்காகப் பயப்படாதீர்கள். வலியே இல்லாத ஏராளமானோரின் எக்ஸ்ரேயிலும் அந்த முள் இருக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது வழக்கமான வடிவம்தான். இனி அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இது புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதியை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவு வில் என்றால் இந்தப் பட்டை அதன் நாண். கால் பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது நாண் இறுகி, வளைவு உயர்ந்து, பாதம் கெட்டிப்படுகிறது. தரையை உந்தித் தள்ள அந்தக் கெட்டித்தன்மைதான் உதவுகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954-லேயே இதை விளக்கிவிட்டார். ஆகவே பெருவிரல் அதிகமாக மடங்கும் ஒவ்வொரு அசைவும், கெண்டைக்கால் தசை பலமாக இழுக்கும் ஒவ்வொரு அசைவும் இந்தப் பட்டை குதிகால் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் பாரத்தை ஏற்றுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்பாதத்தால் உந்தி ஏறும்போது இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொன்று. பெயரில் அழற்சி இருந்தாலும், நாள்பட்ட நிலையில் அங்கே அழற்சி பெரிதாக இருப்பதில்லை. 2003-ல் லெமன்ட் குழுவினர் அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டது, நார்கள் நைந்து ஒழுங்கு குலைந்த சிதைவைத்தான். நைந்த நாரை ஓய்வு வலுப்படுத்தாது. ஆறு வாரம் சும்மா இருந்தபோது வலி அடங்கியது உண்மை, ஆனால் பட்டையும் கெண்டைக்காலும் அந்த ஆறு வாரத்தில் இன்னும் பலவீனமாயின. பழைய தூரத்தைத் திரும்ப ஓடியதும் அது தாங்கவில்லை. உங்களுக்கு நடந்தது இதுதான். அந்தத் திசுவுக்கு வேண்டியது படிப்படியாக ஏற்றப்படும் பாரம். திடீரென்று ஏறும் பாரம்தான் அதைக் கெடுக்கிறது.

அந்தப் பாரத்தை ஏற்றும் வழியை டென்மார்க்கின் ராத்லெஃப் குழுவினர் 48 பேரை வைத்துச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டு மாடிப்படி ஒன்று போதும். ஒரு சின்னத் துண்டை இறுக்கமாகச் சுருட்டிப் படியின் விளிம்பில் வையுங்கள். கால்விரல்கள் அந்தச் சுருளின் மேல் ஏறி மடங்கியிருக்க வேண்டும், முன்பாதம் படியில் ஊன்றியிருக்க வேண்டும், குதிகால் வெளியே அந்தரத்தில் நிற்க வேண்டும். சுவரையோ கைப்பிடியையோ சமநிலைக்கு மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில், மூன்று நொடி எண்ணி மேலே எழும்புங்கள், உச்சியில் இரண்டு நொடி நில்லுங்கள், மூன்று நொடி எண்ணி இறங்குங்கள். துண்டு எதற்கென்றால் விரலை மடக்கி நாணை இறுக்குவதற்கு. அது இல்லாவிட்டால் வெறும் கெண்டைக்கால் பயிற்சியாகிவிடும். முதலில் 12 தடவைக்கு மேல் முடியாத பாரத்தில் 3 சுற்று. இரண்டு வாரம் கழித்து முதுகுப்பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு, 10 தடவைக்கு மேல் முடியாத பாரத்தில் 4 சுற்று. இன்னும் இரண்டு வாரம் கழித்து 8 தடவைக்கு மேல் முடியாத பாரத்தில் 5 சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டுமே, தினமும் செய்யாதீர்கள். தொடக்கத்தில் ஒற்றைக் கால் முடியாவிட்டால் இரண்டு காலில் எழுந்து பழகுங்கள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது வேகத்தில். பல் துலக்கிக்கொண்டே சட்டுச்சட்டென்று ஐம்பது தடவை எழும்பி இறங்குவது இந்தப் பயிற்சி ஆகாது. ஒரு தடவைக்கு எட்டு நொடி. கடைசி இரண்டு தடவை கால் நடுங்க வேண்டும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்லை. அந்தச் சோதனையில் மூன்று மாத முடிவில், நீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஒரு வருடம் ஆனபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு மாதக் கெடு வைத்திருக்கும் உங்களுக்கு முதல் மூன்று மாத முன்னேற்றம்தான் முக்கியம். நீட்டலையும் விட வேண்டாம். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே வலிக்கும் காலை மற்ற காலின் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 நொடி பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. முதல் அடியின் சுருக்கை இது நன்றாகக் குறைக்கும்.

அடுத்து, ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். எவ்வளவு என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாரின் வலிக்காக ஸ்வீடனில் சில்பர்னாகல் குழுவினர் 2007-ல் வெளியிட்ட வலிக்கணக்கை நாங்கள் இதற்கும் பயன்படுத்துகிறோம். பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடுங்கள். அவர்கள் 5 வரை அனுமதித்தார்கள். நான் இந்தப் பட்டைக்கு ஓடும்போது 3, அதிகபட்சம் 4 என்று வைத்துக்கொள்கிறேன். அதைவிட முக்கியமானது மறுநாள் காலை. எழுந்ததும் வீட்டுக்குள் இருபது முப்பது அடி நடந்து பார்த்து மதிப்பெண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். முந்தைய நாள் காலையைவிட ஒன்றுக்கு மேல் கூடியிருந்தால் நேற்றைய ஓட்டம் அதிகம். அடுத்த முறை தூரத்தையோ ஏற்றத்தையோ குறையுங்கள், இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஓடும்போது சூடேறிய கால் பொய் சொல்லும். ஐந்தாவது கிலோமீட்டரில் வலி மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு இருபது ஓடியவர்கள்தான் திங்கட்கிழமை காலையில் நொண்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

இனி டிரெயில். சாலையை விட மண்பாதை மென்மை, அதனால் குதிகாலுக்கு நல்லது என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. சமதள மண்பாதையில் ஒவ்வோர் அடியும் கொஞ்சம் வேறு மாதிரி விழுவதால் ஒரே இடத்தில் ஒரே பாரம் ஆயிரக்கணக்கான தடவை ஏறாது. அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் நீங்கள் ஓடப்போவது எஸ்டேட் ஜீப் பாதை. மழை அரித்த ஓடைக்கோடுகள், சேற்றில் பாதி புதைந்த கற்கள், ஈரச் செம்மண் வழுக்கல். கல்லின் முனை சரியாக உள்ளங்கால் வளைவில் பட்டால் பட்டையை நேரே குத்தும். வழுக்கும்போது விரல்கள் தாமாகவே ஷூவுக்குள் மடங்கித் தரையைப் பற்றப் பார்க்கும், பாதத்தின் சின்னத் தசைகள் களைத்துப்போகும், களைத்த பிறகு பாரமெல்லாம் பட்டைக்குத்தான்.

ஏற்றம் அதைவிடப் பெரிய விஷயம். முன்பாதத்தில் எழும்பி ஓடி ஏறுவது உங்களுக்கு இந்தப் பந்தயத்தில் கிடையாது. இப்போதே மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். நடந்து ஏறுங்கள். நடக்கும்போதும் முழுப் பாதத்தை ஊன்றி, முடிந்தால் குதிகாலும் தரையில் படும்படி, அடியைச் சுருக்கி ஏறுங்கள். பாதை அகலமாக இருந்தால் நேராக ஏறாமல் கோணலாக, பாம்பு போகிற மாதிரி வளைந்து ஏறினால் கணுக்கால் மடங்கும் அளவு குறையும். ஏற்றத்தில் குத்தி ஏறும் இரட்டைக் கோல்கள் பெரிய உதவி, உடல் எடையில் ஒரு பங்கைக் கைகள் வாங்கிக்கொள்ளும். ஆனால் பந்தய விதியில் கோல் அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். அனுமதி இருந்தால் பயிற்சியிலிருந்தே அவற்றோடு பழகுங்கள், பந்தயத்தன்று முதல் தடவையாகக் கையில் எடுக்காதீர்கள். இறக்கத்தில் குதிகாலை முன்னால் நீட்டிப் பிரேக் போடுவது குதிகாலின் அடியில் மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்புத் திண்டை அடிக்கும். அடியைக் குறுக்கி, வேகமாக எடுத்து, முழங்காலை லேசாக மடக்கி, உடலுக்கு நேர் கீழே பாதம் விழும்படி இறங்குங்கள். தொடை முன்தசைக்கு வலு இருந்தால்தான் இது முடியும், அதனால் வாரம் இரண்டு நாள் படியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கும் பயிற்சி தொடைக்கும் வேண்டும்.

சென்னையில் மலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன. மேம்பாலச் சரிவுகள் இருக்கின்றன, விடியற்காலையில் போக்குவரத்து இல்லாதபோது. அலுவலகக் கட்டிடத்தின் படிக்கட்டு ஏறுவதும் பயிற்சிதான். குதிகால் பொறுத்துக்கொண்டால் இரண்டாவது மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏலகிரி போய் வாருங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் வேகநடையில் ஏறி, மெதுவாக இறங்கினால் பந்தயத்தின் ஏற்றம் என்னவென்று காலுக்குப் புரிந்துவிடும். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை தேடிப் போவதானால் வனத்துறை அனுமதியோடு மட்டுமே போங்கள். 2018 குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை.

நான்கு மாதத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் மாதம் படிப் பயிற்சியைச் சரியாகப் பிடிப்பதும், காலை மதிப்பெண் ஏறாத அளவுக்கு ஓட்டத்தைச் சுருக்குவதும். குறைந்த ஓட்டத்தின் இடத்தைச் சைக்கிளோ நீச்சலோ நிரப்பட்டும். இரண்டாம் மூன்றாம் மாதங்களில் ஏற்றம் மெல்ல மெல்லச் சேரட்டும். நீண்ட பயிற்சியைக் கிலோமீட்டரில் எண்ணாமல் நேரத்தில் எண்ணுங்கள். மூன்று மணி, நான்கு மணி, கடைசியில் ஒரே ஒரு தடவை ஆறு மணி நேரம். அதில் பாதியாவது நடை. பந்தயத்துக்கு ஆறு வாரம் முன்பு ஒரு சோதனை வையுங்கள். ஐந்து மணி நேர மலைப் பயிற்சிக்கு மறுநாள் காலையில் வலி 5-க்கு மேல் இருந்தாலோ, பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு நாளுக்கு மேல் ஆனாலோ, அமைப்பாளர்களுக்கு எழுதித் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் 30 கிலோமீட்டர் இருந்தால் அது அருமையான பந்தயம். தூரத்தைக் குறைத்தால் அவமானம் என்று நினைக்கும் ஒரு வழக்கம் நம் ஓட்டக் குழுக்களில் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தை நன்றாகக் குறையுங்கள். கனமான படிப் பயிற்சியைப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடலாம்.

ஷூவைப் பற்றிச் சுருக்கமாக. குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரமான ஷூ கெண்டைக்கால் இழுப்பைக் குறைக்கும். அடிப்பாகம் எளிதில் மடங்காமல், முன்பக்கம் படகு மாதிரி மேல்நோக்கி வளைந்த ஷூ பெருவிரல் மடங்குவதைக் குறைக்கும். கல் குத்தாமல் தடுக்கும் தகடு உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரமாக இருக்கும் ஷூக்களை இந்த வருடம் தொடாதீர்கள். அளவெடுத்துச் செய்து ஷூவுக்குள் வைக்கும் இன்சோலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. 2006-ல் லாண்டார்ஃப் குழுவினர் 135 பேரிடம் ஒப்பிட்டபோது கடையில் கிடைக்கும் உறுதியான இன்சோலும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தந்தது.

டேப் உதவும். நீளாத வெள்ளை டேப்பை வளைவைத் தாங்கும்படி ஒட்டினால் வலி கணிசமாகக் குறைவதை நானே பலரிடம் பார்க்கிறேன். ஆனால் ஈரத்தில் நான்கு மணி நேரம் ஓடிய பிறகு சாதாரணமாக ஒட்டிய டேப் சுருண்டு ஷூவுக்குள் கட்டியாகி, வலியோடு கொப்புளத்தையும் தரும். ஒட்டுவதற்கு முன் சாம்பிராணி டிங்சரை (டிங்சர் பென்சாயின்) தோலில் தடவிக் காயவிட்டால் பிடிப்பு நிற்கும். மழை நாளொன்றில் நீண்ட ஓட்டத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இந்த வலியை வளர்க்கிறது. ஓடும்போது பதினைந்தாயிரம் ரூபாய் ஷூ, வீட்டுக்குள் வந்ததும் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் மணிக்கணக்காக. சமையலறையில் நிற்பது, பூஜையறைக்குப் போவது, குளித்துவிட்டு வருவது எல்லாம் வெறுங்காலில்தான். வலி அடங்கும்வரை வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மெத்தென்ற செருப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் புரியவையுங்கள். சூடான செங்கல்மேல் எருக்க இலையைப் போட்டுக் குதிகாலை வைக்கச் சொல்வார்கள். சூடு இதமாக இருக்கும், தடுக்க மாட்டேன். ஆனால் அது நைந்த நாரை வலுப்படுத்தாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் செய்யவே கூடாது, சுட்டது தெரியாது. எருக்கம்பால் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஊசி. ஸ்டீராய்டு ஊசியால் வலி குறையும், உண்மை. 2012-ல் வெளியான மெக்மில்லன் குழுவினரின் ஆய்வில் நான்காம் வாரம் வலி குறைந்திருந்தது. எட்டாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் அந்தப் பலன் நிற்கவில்லை. பட்டை அறுந்துபோகும் அபாயமும், குதிகால் கொழுப்புத் திண்டு மெலியும் அபாயமும் ஊசிக்கு உண்டு. வீட்டிலும் அலுவலகத்திலும் நடமாடவே முடியாதவருக்கு டாக்டர் யோசித்துப் போடுவது வேறு. ஊசி போட்டு வலியை மறைத்துக்கொண்டு, சில வாரத்தில் 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் அதே பட்டையை இழுப்பது வேறு. இரண்டாவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இன்னொரு விஷயம், 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் ஸ்டீராய்டை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடை செய்திருக்கிறது.

வலி மாத்திரை இதைவிட ஆபத்து, ஏனென்றால் அது எளிதாகக் கிடைக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபன், அசெக்ளோஃபெனாக் எல்லாம் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. மணிக்கணக்காக ஓடி, வியர்த்து, தசை சிதைந்துகொண்டிருக்கும்போது சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் 89 பேரை வைத்துச் செய்து 2017-ல் வெளியான சோதனையில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் இபுப்ரோஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் தெரிந்தது. மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் அது 34 சதவீதம். பிரான்ஸின் ஷாமோனியில் நடக்கும் யூடிஎம்பி பந்தயமே இவ்வகை மாத்திரைகளைத் தடை செய்துவிட்டது. பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு அவ்வளவு கெடுதல் இல்லைதான். ஆனால் அன்றைக்கு உங்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை மணி வலிதான், அதையும் அணைத்துவிட்டால் எப்போது நிறுத்துவது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

ஸ்காட் ஜூரக் 2007-ல் அமெரிக்காவின் ஹார்ட்ராக் 100 மைல் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு கணுக்கால் சுளுக்கியும் ஓடி வென்றார், 2017-ல் அதே பந்தயத்தில் கிலியன் ஜோர்னே தோள் விலகியும் வென்றார் என்று யாராவது உங்களுக்கு உதாரணம் காட்டுவார்கள். இரண்டும் நடந்தவைதான். ஆனால் அவை அப்போது புதிதாகப் பட்ட காயங்கள், பின்னாலிருந்த திசு ஆரோக்கியமானது, ஓடியவர்கள் உலகின் உச்சத்தில் இருந்தவர்கள். மாதக்கணக்கில் நைந்த பட்டைக்கு அந்தக் கதைகளில் பாடம் எதுவும் இல்லை.

பந்தயக் கணக்குக்கு வருவோம். உங்கள் பந்தயம் 12 மணி நேரம் கொடுத்தால் 50 கிலோமீட்டருக்குச் சராசரி ஒரு கிலோமீட்டருக்கு 14 நிமிடம் 24 நொடி. வழியில் தண்ணீரும் உணவும் தரும் எய்ட் ஸ்டேஷன்களில் மொத்தம் அரை மணி செலவழித்தால் 13 நிமிடம் 48 நொடி. ஏற்றமெல்லாம் நடந்து, சமதளத்தில் மெதுவாக ஓடி இதை எட்ட முடியுமா என்று ஏலகிரியில் தெரிந்துவிடும். முடியாது என்று தெரிந்தால், கட்-ஆஃப் (நேரக் கெடு) பயத்தில் கடைசி இறக்கங்களில் தடதடவென்று விழுந்தடித்து ஓட நேரும். குதிகால் கெடுவது அங்கேதான். இடைக் கட்-ஆஃப்களையும் பாருங்கள், சில பந்தயங்களில் முதல் பாதிக்குக் கொடுக்கும் நேரம் இறுக்கமாக இருக்கும்.

இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போய், விடிவதற்குள் ஸ்டார்ட் லைனில் நிற்பது இந்த வலிக்கு மிக மோசமான ஏற்பாடு. ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். பந்தயத்தன்று ஆரம்பத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து, கட்டிலிலேயே விரல் நீட்டலை முடித்து, செருப்போடு பதினைந்து நிமிடம் நடந்து, இரண்டு காலில் இருபது தடவை மெதுவாக எழும்பி இறங்குங்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நில்லுங்கள். இருட்டில், தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், எல்லோரும் முதல் கிலோமீட்டரைப் பாய்ந்து ஓடும்போது நீங்கள் நடந்தும் மெல்ல ஓடியும் போங்கள்.

எப்போது விலகுவது என்பதை வீட்டிலேயே எழுதி, கூட வரும் நண்பரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். முப்பதாவது கிலோமீட்டரில் களைத்த மூளை நியாயமாக யோசிக்காது. நான் எழுதித் தருவது இது. வலி 5-ஐத் தாண்டி, பத்து நிமிடம் நடந்தும் இறங்காவிட்டால் அடுத்த எய்ட் ஸ்டேஷனில் நிறுத்தம். நடையில் நொண்டல் வந்துவிட்டால் நிறுத்தம், ஏனென்றால் நொண்டி ஓடும் இருபது கிலோமீட்டர் முழங்காலுக்கும் மற்ற காலின் அக்கிலிஸ் தசைநாருக்கும் புதுக் காயத்தைத் தரும். நொண்டுகிறீர்களா என்று உங்களுக்கே தெரியாது, எய்ட் ஸ்டேஷனில் நிற்பவரிடம் பத்தடி நடந்து காட்டிக் கேளுங்கள். உள்ளங்காலில் பட்டென்று ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தம், ஓரடி கூட ஓடக் கூடாது. அது பட்டை கிழிந்ததாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

முடித்தாலும் விலகினாலும், ஷூவைக் கழற்றியதும் வெறுங்காலோடு திரியாதீர்கள், அந்த மெத்தென்ற செருப்பைப் பையில் கொண்டுபோயிருக்க வேண்டும். திரும்பும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு வாருங்கள். அடுத்த இரண்டு மூன்று காலைகள் மோசமாகத்தான் இருக்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் பந்தயத்துக்கு முந்தைய மதிப்பெண்ணுக்குத் திரும்பிவிட்டால் கால் நன்றாகவே தாங்கியிருக்கிறது, சமதளத்தில் மெதுவாக ஓடத் தொடங்கலாம். இரண்டு வாரமாகியும் திரும்பாவிட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். படிப் பயிற்சியை மட்டும் வலி போன பிறகும் விட்டுவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள் வீதம் இன்னும் ஒரு வருடமாவது தொடருங்கள், அடுத்த 50 கிலோமீட்டருக்கு அதற்குள் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடுவில் மூன்று மாத இடைவெளி விடுங்கள்.